இருபது வாட் என்றால் இருபது வாட்தான்

1990களில் டூ-இன்-ஒன் வாங்கக் கடை ஏறியவர்களுக்கு ஒரு ஸ்டிக்கர் மறந்திருக்காது. பெட்டியின் நெற்றியில், தங்க நிறத்தில் மின்னும். 1000 வாட் என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் எறும்பு அளவில் பி.எம்.பி.ஓ. என்று நான்கு எழுத்து. அடுத்த கடையில் அது 1500 வாட் ஆகியிருக்கும். அதே பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்த்தால், மின்சாரம் எடுப்பது 30 வாட் அல்லது 40 வாட் என்று தயாரித்தவரே அச்சடித்திருப்பார். சுவரிலிருந்து 30 வாட் வாங்கி அறைக்குள் 1000 வாட் தரும் இயந்திரம் இருந்தால் இந்தியாவின் மின்வெட்டுப் பிரச்சினை என்றோ தீர்ந்திருக்கும். பி.எம்.பி.ஓ. என்பதை எப்படி அளக்க வேண்டும் என்று எந்தத் தர நிர்ணயமும் சொன்னதில்லை. ஆகவே யாரும் அளக்கவுமில்லை.

இந்த வாட் வியாபாரம் இந்தியாவில் பிறந்ததல்ல. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் இதே கூத்துதான். உச்சத் திறன், இசைத் திறன், கணத் திறன் என்று ஆளுக்கொரு பெயரில் எண்களை ஊதிப் பெருக்கினார்கள். கடைசியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வாட் கணக்கு சொல்ல விரும்பும் எவரும் இரண்டு சேனல்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுத் தொடர்ச்சியாகத் தரக்கூடிய திறனைத்தான் சொல்ல வேண்டும். எத்தனை ஓம் சுமை, எந்த அலைவரிசை வரம்பு, எவ்வளவு திரிபு என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயரை மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றவும் வேண்டும். அந்தக் கால ஆம்ப்ளிஃபயர் அதிகமாகச் சூடாவது முழுத் திறனில் அல்ல, ஏறக்குறைய அந்த மூன்றில் ஒரு பங்கில்தான். விதி எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

விதி வந்ததும் பொய் குறைந்தது. ஆனால் போட்டி நின்றுவிடவில்லை. ஜப்பானிய நிறுவனங்கள் உண்மையான வாட்டுகளிலேயே ஒன்றையொன்று முந்த ஆரம்பித்தன. 1978இல் வந்த பயனீர் எஸ்.எக்ஸ்.-1980 ரிசீவர் ஒரு சேனலுக்கு 270 வாட் தந்தது. எடை சுமார் 35 கிலோ. அலுமினிய முகப்பு, வரிசையாகக் குமிழ்கள், ஊசி ஆடும் மீட்டர்கள். வீட்டுக்கு வருகிறவர் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரைப் பார்ப்பார்.

அதே 1978இல் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சிறிய நிறுவனம், ஒரு சேனலுக்கு 20 வாட் மட்டுமே தரும் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. பெயர் நேட் 3020. மங்கிய சாம்பல் நிறம். முகப்பு பிளாஸ்டிக். எடை ஐந்து கிலோ சொச்சம். பிரிட்டனில் விலை 100 பவுண்டுக்கும் குறைவு. ஹை-ஃபை சரித்திரத்தில் மிக அதிகமாக விற்ற ஆம்ப்ளிஃபயர்களுள் ஒன்றாக அது ஆயிற்று. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதாக ஒரு கணக்கு உண்டு.

நேட் என்பது நியூ அக்கூஸ்டிக் டைமென்ஷன் என்பதன் முதலெழுத்துகள். 1972இல் மார்ட்டின் போரிஷ் இதைத் தொடங்கினார். ஐரோப்பாவின் ஹை-ஃபை விநியோகஸ்தர்கள் சிலர் கூட இருந்தார்கள். கடைக்கு வருகிறவர் என்ன கேட்கிறார், எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பது தெரிந்தவர்கள். சொந்தத் தொழிற்சாலை கிடையாது. வடிவமைப்பு இங்கிலாந்தில், தயாரிப்பு தைவானில். இன்று இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உலகமே அப்படித்தான் நடக்கிறது. 1970களில், அதுவும் பிரிட்டிஷ் ஹை-ஃபை உலகில், இது கொஞ்சம் துணிச்சலான காரியம். 3020ஐ வடிவமைத்தவர் பியோர்ன் எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வேக்காரர்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிது. ஆம்ப்ளிஃபயரைப் பரிசோதனைக் கூடத்தில் அளக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுகிறார்கள். வீட்டில் மாட்டுவது ஸ்பீக்கரை. இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. ரெசிஸ்டர் சாதுவான பிராணி. எந்த ஸ்வரம் வந்தாலும் அதற்கு 8 ஓம்தான். ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் 8 ஓம் என்பது பேருக்குத்தான். ஓர் அலைவரிசையில் அது 20 ஓம் ஆகும். இன்னொன்றில் 4 ஓமுக்கு இறங்கும். உள்ளே காந்தத்துக்கு நடுவில் கம்பிச் சுருள் முன்னும் பின்னும் ஓடுகிறது. அது ஓடும்போது தானும் மின்சாரத்தை உண்டாக்கி ஆம்ப்ளிஃபயரையே எதிர்த்துத் தள்ளுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ஓர் அடி விழுந்து அடுத்த கணமே அது நிற்க வேண்டும் என்றால், அந்த ஒரு கணத்துக்கு ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டம் ரெசிஸ்டர் கணக்கில் வருவதைப் போலப் பல மடங்காக இருக்கலாம்.

பள்ளிக்கூடத்து ஓம் விதியே போதும், விஷயம் விளங்கிவிடும். 8 ஓமில் 20 வாட் தர ஏறக்குறைய 12.6 வோல்ட் வேண்டும். அப்போது ஓடுவது 1.6 ஆம்பியர். அதே வோல்ட்டில் ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கினால் 3.2 ஆம்பியர். 2 ஓமுக்கு இறங்கினால் 6.3. இவை சராசரிக் கணக்குதான். அலையின் உச்சியில் இன்னும் நாற்பது சதவீதம் கூடும். அந்நாளைய மலிவான ஆம்ப்ளிஃபயர்கள் பலவும் இந்த இடத்தில்தான் தடுமாறின. டிரான்சிஸ்டர் எரிந்துவிடக் கூடாது என்று உள்ளே ஒரு காவல் சர்க்யூட் இருக்கும். மின்னோட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் அது கதவைச் சாத்தும். கதவு சாத்தும் ஓசை இசைக்கு நடுவே கரகரப்பாகக் கேட்கும். விளம்பரத் தாளில் 50 வாட் என்றிருக்கும். உரக்க வைத்தால் காது கூசும்.

எட்வர்ட்சன் வாட்டை விட்டுவிட்டு ஆம்பியரைப் பிடித்தார். கடைசிக் கட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது அபூர்வமான டிரான்சிஸ்டர் எதுவும் இல்லை. 2என்3055, அதற்கு ஜோடியாக எம்ஜே2955. இந்திய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு அறிமுகம் தேவைப்படாத பெயர் இது. வெற்றிலைப் பெட்டியின் மூடிபோல் இரண்டு காதுகளுடன் இருக்கும் உலோக டிரான்சிஸ்டர். திருவிழா மைக்செட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை அது இல்லாத இடம் இல்லை. டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் மும்பை லாமிங்டன் ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் எண்ணைச் சொன்னால் போதும், கடைக்காரர் தலை நிமிராமலே எடுத்து வைப்பார். 1960களில் வந்த சரக்கு. நவீனமானது என்று 1978லேயே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 60 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கும். 20 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு 15 ஆம்பியர் டிரான்சிஸ்டர் என்பது மாட்டு வண்டிக்கு லாரி அச்சு போட்டதுபோல். அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்தது மின்வழங்கி. இதைப் புரிந்துகொள்ள மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர் என்பது மோட்டார். பெரிய கெப்பாசிட்டர்கள்தான் தொட்டி. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்தால் தொட்டி மட்டம் இறங்கிவிடும். அந்த இறங்கிய மட்டத்தில் கிடைப்பதுதான் சட்டப்படி சொல்ல வேண்டிய தொடர் திறன். இசை அப்படி எல்லாக் குழாயையும் திறந்து வைப்பதில்லை. பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாட்டில் ஓடுகிறது. நடுவில் ஒரு தாள அடி, ஒரு பியானோ ஸ்வரம், நூற்றில் சில பங்கு வினாடி, மறுபடி அமைதி. அந்த அமைதியில் தொட்டி நிறைந்து மட்டம் உயரமாக நிற்கிறது. 3020இன் மின்வழங்கி இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் விதத்தில் அமைந்தது. அந்தக் கண நேர உச்சங்களில் அது 8 ஓமில் 40 வாட் வரை தரும். இன்னும் குறைந்த ஓமில் அதற்கும் மேலே போகும். அப்படியிருந்தும் முகப்பிலும் விளம்பரத்திலும் சொன்னது 20 வாட். மற்றவர்கள் ஒன்றை ஆயிரமாக்கிய தொழிலில் நாற்பதை இருபது என்று சொன்னது வியாபார உலகில் அதிகம் பார்க்கக் கிடைக்காத காட்சி. (விதிக்கு உட்பட்டு வேறு எதுவும் சொல்ல முடியாது என்பதும் உண்மை.)

இருபது வாட் போதுமா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. காது வாட்டைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை. திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். ஒலி இரு மடங்கு உரத்தது என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரை 20 வாட்டில் ஓட்டினால் 101 டெசிபல் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த அளவுக்கு வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அந்தக் கணக்குப்படி 270 வாட் ராட்சசன் இந்தச் சிறுவனைவிட உரத்து ஒலிப்பது 11 டெசிபல் சொச்சம். இரு மடங்கைவிடச் சற்று அதிகம். விலையும் எடையும் அந்த விகிதத்தில் நிற்கவில்லை.

ஆனாலும் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஆபத்து ஒன்றைப் புறக்கணிக்க முடியாது. சக்திக்கு மீறிக் கேட்டால் அது அலையின் தலையை வெட்டிவிடும். உயரம் குறைந்த வாசலில் நுழையும் ஊர்வலத்தில் குடைகளெல்லாம் மடங்குவதுபோல், வளைந்து எழ வேண்டிய அலை உச்சியில் தட்டையாகிறது. தட்டையான உச்சி என்றால் மூல இசையில் இல்லாத உயர் அலைவரிசைகள் பிறக்கின்றன என்று பொருள். அவை நேராகப் போவது ட்வீட்டருக்கு. தலைமயிர்போன்ற கம்பிச் சுருள் உள்ள ட்வீட்டர் சூடேறிக் கருகுகிறது. பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. திணறும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் அதே வேலையைச் செய்யும்.

இதற்கு 3020இன் முதுகில் ஒரு சிறு சுவிட்ச் வைத்தார்கள். பெயர் சாஃப்ட் கிளிப்பிங். அதைப் போட்டுவிட்டால், எல்லை நெருங்க நெருங்க அலையின் உச்சி வெட்டுப்படாமல் மெல்ல வளைந்து அடங்கும். சத்தம் கொஞ்சம் அமுங்கியதுபோல் தோன்றும், கரகரப்பு குறையும், ட்வீட்டர் பிழைக்கும். திரிபே இல்லை என்று சொல்ல முடியாது. கெட்ட திரிபுக்குப் பதில் சகிக்கக்கூடிய திரிபு, அவ்வளவே. மாணவர் விடுதி அறைகளில் இதன் அருமை தெரிந்திருக்கும். முகப்பில் ஐந்து எல்.இ.டி. விளக்குகள் எத்தனை வாட் போகிறது என்று காட்டின. ஊசி மீட்டர் வைக்கக் காசு இல்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஊசியைவிட விளக்கு கணநேர உச்சத்தை விரைவாகக் காட்டும்.

பின்பக்கத்தில் இன்னொரு விசித்திரம். ப கரம்போல் வளைந்த இரண்டு உலோகத் துண்டுகள். ஆம்ப்ளிஃபயர் என்பது உண்மையில் இரண்டு கருவிகள் ஒரே பெட்டியில்: சிறு சமிக்ஞையைத் தேர்ந்தெடுத்துப் பக்குவப்படுத்தும் முன் பகுதி, ஸ்பீக்கரைத் தள்ளும் பின் பகுதி. இன்டக்ரேட்டட் என்று அதற்குப் பெயர் வந்ததே அதனால்தான். அந்த உலோகத் துண்டுகளைப் பிடுங்கினால் இரண்டும் பிரிந்துவிடும். இன்று 3020ஐ வாங்கியவர், இரண்டு வருடம் கழித்துச் சம்பளம் உயர்ந்தால் பெரிய பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி முன் பகுதியோடு இணைக்கலாம். பழையதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாங்குகிறவரின் அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றி யோசித்து வடிவமைத்த பொருள்.

பின் பகுதிக்குள் நுழைய இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று நார்மல், இன்னொன்று லேப். நார்மல் வாசலில் காதுக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த அலைகளைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. வளைந்த இசைத்தட்டு சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஊசி ஏறி இறங்குகிறது. அந்த அசைவும் மின் சமிக்ஞையாகிறது. யாருக்கும் கேட்காது, ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு வீணாக முன்னும் பின்னும் மூச்சு வாங்கும். இருபது வாட் உள்ளவர் அதில் ஐந்து வாட்டைக் கேட்காத ஓசைக்குத் தாரை வார்க்க முடியாது. லேப் வாசலில் வடிகட்டி இல்லை. அளந்து பார்க்கிறவர்களுக்காக அது. அவர்கள் எதையும் வடிகட்டி வாங்க விரும்புவதில்லை.

இசைத்தட்டுதான் அன்று எல்லாம். 3020 வந்தபோது சி.டி. பிறக்கவில்லை, அது 1982இல்தான் கடைக்கு வந்தது. ஆகவே முகப்புப் பொத்தான்களில் சி.டி. என்று எதுவும் கிடையாது. பின்னால் சி.டி. வாங்கியவர்கள் ஆக்ஸ் துளையில் சொருகிக்கொண்டார்கள். ஃபோனோ உள்ளீட்டில் எட்வர்ட்சன் காட்டிய அக்கறை, அந்த விலையில் எதிர்பார்க்க முடியாதது. கார்ட்ரிட்ஜ் தரும் சமிக்ஞை சில மில்லிவோல்ட் மட்டுமே. தட்டில் இசையைப் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். ஆம்ப்ளிஃபயர் அதை நேர்மாறாகத் திருப்ப வேண்டும். இந்தத் திருப்பலில் சிறு பிசகு நேர்ந்தாலும் வீணை கம்பியாக ஒலிக்கும், அல்லது கம்பளிக்குள் ஒலிக்கும். மலிவான ஆம்ப்ளிஃபயர்கள் முதலில் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ், லவுட்னஸ் எல்லாம் இருந்தன. இதைச் சொல்லக் காரணம் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டனில் டோன் கண்ட்ரோல் வைத்திருப்பதே நாகரிகக் குறைவு என்ற நிலை வந்தது. எதையும் கூட்டாத குறைக்காத இசைதான் சுத்தம் என்றார்கள். நேட் நிறுவனமே பிறகு அவர்களுக்காக 3120 என்று டோன் குமிழ்கள் இல்லாத தம்பியை வெளியிட்டது. பழைய 78 சுற்றுத் தட்டுகளோ, வெவ்வேறு கம்பெனிகளின் சினிமாப் பாட்டுத் தட்டுகளோ வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுத்தம் கட்டுப்படியாகாது. ட்ரெபிள் குமிழ் இல்லாமல் கீறல் விழுந்த தட்டைக் கேட்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பணத்தை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பதை விரலால் தொட்டாலே தெரிந்துகொள்ளலாம். பொத்தான்கள் லொடலொட. பிளாஸ்டிக் முகப்பின் மூலைகள் உடையும். உள்ளீட்டுச் சுவிட்சுகளின் தொடுமுனைகள் கறுத்து, ஒரு சேனல் போய்ப் போய் வரும். குமிழைத் திருப்பினால் அப்பளம் நொறுங்கும் ஓசை. உலகின் மிகச் சிறந்த ஆம்ப்ளிஃபயர் என்று அதைச் சொல்பவர்கள் அன்பு மிகுதியில் சொல்கிறார்கள். அதைவிடத் தெளிவாக, அதைவிட அமைதியாக இயங்கும் ஆம்ப்ளிஃபயர்கள் அன்றும் உண்டு. விலையைக் கேட்டால்தான் பேச்சு நின்றது. 3020க்குப் பின் ஏ, பி, இ, ஐ என்று எழுத்துகள் ஒட்டிய வடிவங்கள் வந்தன. நிறுவனமும் கைமாறி, 1999இல் கனடாவின் லென்புரூக் குழுமத்தின் வசம் போயிற்று. 2013இல் பழைய பெயரின் வாசனையோடு டி3020 என்று ஒன்று வந்தது: டிஜிட்டல் உள்ளீடுகள், புளூடூத். உள்ளே பழைய 3055ஐத் தேடக் கூடாது.

இப்போது பழைய 3020கள் இணையச் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் இந்திய ரசிகர் முதலில் பார்க்க வேண்டியது முதுகில் எழுதியிருக்கும் வோல்ட். பிரிட்டனுக்காகச் செய்தது 240 வோல்ட், இங்கே கவலையில்லை. அமெரிக்காவுக்காகச் செய்தது 120 வோல்ட். அதை நேராக நம் சுவரில் சொருகினால் கேட்பது இசையாக இருக்காது. அடுத்தது வயது. நாற்பது ஆண்டு தாண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் இருந்த திரவம் காய்ந்திருக்கும். சில கசிந்து பலகையையும் அரித்திருக்கும். மாற்றுவது பெரிய செலவில்லை. பின்பக்கத்து உலோகத் துண்டுகள் துரு ஏறியிருந்தாலே பாதி நோய் அங்கேதான். கழற்றித் தேய்த்துப் போட்டால் ஒரு சேனல் உயிர் பெறுவதுண்டு.

டிரான்சிஸ்டர் போயிருந்தால் மலிவாகக் கிடைக்கிறதே என்று கிடைத்ததை வாங்கிவிடக் கூடாது. 2என்3055 எவ்வளவு புகழ்பெற்றதோ அவ்வளவு போலிகளும் உண்டு. வெளியே அதே உலோக மூடி, அதே எண். மூடியை அறுத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு சிலிக்கான் துண்டு. அது 15 ஆம்பியர் தாங்காது, ஐந்துக்கே போய்விடும். போகும்போது ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும்.

வேலை முடிந்ததும் விவரமான மெக்கானிக் ஆம்ப்ளிஃபயரை நேராக மின்சாரத்தில் மாட்ட மாட்டார். மேஜையோரம் ஒரு 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு தொங்கும்; எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அந்த சீரிஸ் பல்பு வழியாகத்தான் முதல் மின்சாரம் போகும். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர்கள் நிறைந்ததும் மங்க வேண்டும். மங்கிய பிறகு மீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. எத்தனை மில்லிவோல்ட் நிற்கிறது என்று பார்ப்பார். ஸ்பீக்கர் அதற்குப் பிறகுதான். பல்பு மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடியும் மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.